மலையில் மட்டும் வெடிக்காத துப்பாக்கி

தாத்தாவிடம் ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. குழலின் அளவு பன்னிரண்டு போர், இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து கிரீனர் கம்பெனி செய்தது. கேரளத்து இடுக்கி மலையில், பூப்பாறைக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்து வீட்டில், தாத்தாவின் கட்டிலை ஒட்டியிருந்த தேக்கு அலமாரியில் அது பூட்டிக் கிடக்கும். சாவி அவருடைய அகலப் பச்சை பெல்ட்டின் பையில். அவர் குளிக்கப் போகும்போதுகூட பெல்ட் வெளியே தொங்காது, கூடவே போகும். தோட்டாக்கள் வேறோர் இடத்தில், அப்பத்தாவின் அரிசிப் பானைக்குப் பின்னால், ஒரு பிஸ்கட் தகர டப்பாவில். துப்பாக்கியும் தோட்டாவும் ஒரே அறையில் ராத்தங்கக் கூடாது என்பது அவர் வகுத்த சட்டம்.

வெளியே தூக்கி இழுக்கும் குதிரை அந்தத் துப்பாக்கியில் கிடையாது. பிடிக்குக் கீழே வளைந்த ஒரு நெம்பு இருக்கும். அதைக் கீழே தள்ளினால் குழலின் பின்வாயை அடைத்திருக்கிற இரும்புக் கட்டி, பின்பக்கத்து ஆணியில் தொங்கியபடியே முன்பக்கம் சரிந்து இறங்கும். அந்த இறக்கத்திலேயே ஒரு கொக்கி, பழைய தோட்டாவின் பித்தளை விளிம்பைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிடும். புதுத் தோட்டாவைப் போட்டு நெம்பை மேலே ஏற்றினால் கட்டி எழும்பி வாயை மூடும். கட்டியின் வயிற்றுக்குள் நீளவாக்கில் ஒரு துளை, துளைக்குள் ஓர் ஊசி, ஊசியைச் சுற்றி ஒரு சுருள் ஸ்பிரிங். நெம்பை இயக்குகையில் ஊசி பின்னால் இழுபட்டு விசையில் மாட்டிக்கொள்ளும். விசையைத் தொட்டால் ஸ்பிரிங் ஊசியை முன்னே எறியும், ஊசி தோட்டாவின் நடுவில் இருக்கிற, பொறி கொடுக்கிற கேப்பைக் குத்தும். அவ்வளவுதான் அதன் வேலை. ஒரு முறை நெம்பினால் ஒரே ஒரு வெடி.

இந்த அமைப்புக்குப் பெரிய வரலாறு உண்டு என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். 1862இல் பாஸ்டன் நகரத்து பீபாடி என்பவர் இப்படிச் சரிந்து இறங்கும் கட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடையதில் குதிரை வெளியே இருந்தது. சுவிட்சர்லாந்தின் மார்ட்டினி அதை எடுத்துவிட்டு ஊசியையும் ஸ்பிரிங்கையும் கட்டிக்குள்ளேயே வைத்தார். 1871இல் பிரிட்டிஷ் ராணுவம் மார்ட்டினி-ஹென்றி என்ற பெயரில் அதை எடுத்துக்கொண்டது. ராணுவம் வேறு துப்பாக்கிக்கு மாறிய பிறகும் அந்த அமைப்பு சாகவில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு கிரீனர் கம்பெனி அதையே பன்னிரண்டு போர் வேட்டைத் துப்பாக்கியில் வைத்து உலகமெங்கும் விற்றது. பாகங்கள் குறைவு, சேற்றுக்கும் மழைக்கும் அஞ்சாது. எகிப்துப் போலீசுக்கென்று தனியாகச் செய்த கிரீனரில் மட்டும் மூன்று முனை உள்ள ஊசியும் அதற்கேற்ற தனித் தோட்டாவும் வைத்தார்கள். திருடிப்போனவன் கடைத் தோட்டாவைப் போட்டுச் சுட முடியாதபடி அந்த ஏற்பாடு.

மூணாறு, தேவிகுளம் பக்கத்து மலைக்குத் துப்பாக்கி புதிதல்ல. தேயிலைத் தோட்டத் துரைமார் அங்கே வேட்டைக்காரர்களுக்கென்று ஒரு சங்கமே வைத்திருந்தார்கள். அவர்கள் வரையாடு வேட்டையாடிய இரவிகுளம் 1975இல் சரணாலயமாகி, 1978இல் தேசியப் பூங்கா ஆனது. எங்கள் தாத்தாவைப் போலப் போடி, கம்பம் பக்கத்திலிருந்து மலையேறி ஏலம் போட்டவர்களுக்கு வேட்டை நினைப்பு கிடையாது. காட்டுப்பன்றிதான் அவர்களுக்குக் கவலை. ஏலத்தட்டையின் அடியைக் கிண்டும், மரவள்ளியைத் தோண்டும், ஒரே ராத்திரியில் ஒரு பாத்தியைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போய்விடும். 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அதைச் சுடக் கூடாது. தாத்தா சட்டத்தை மீறுகிற ஆள் இல்லை. பன்றி வந்த சத்தம் கேட்டால் முற்றத்து ஓரத்துக்குப் போய், பள்ளத்தாக்கு பக்கம் ஆள் இல்லாத வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார். மலை நான்கு முறை திருப்பிச் சொல்லும். பன்றி இறங்கி ஓடும்.

1989 நவம்பரில் மக்களவைத் தேர்தல் வந்தது. அப்போதெல்லாம் தேர்தல் என்றால் லைசன்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. தாத்தா வழக்கம்போல் துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து, நன்றாக எண்ணெய் போட்டு, பழைய வேட்டியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கி வந்தார். தேர்தல் முடிந்து திரும்பி வந்தபோது ஒரு புள்ளி துரு இல்லை. அவருக்கு அதில் பெரிய நிறைவு.

டிசம்பர் பிறந்து பனி இறங்கிய ஒரு விடியற்காலை. மரவள்ளிப் பக்கம் பன்றி உறுமுகிற சத்தம் கேட்டு தாத்தா எழுந்து போனார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் நான் நின்றிருந்தேன், அதற்கு மேல் ஓர் அடி வைக்க எனக்கு அனுமதி இல்லை. வெடிக்காகக் காதைப் பொத்திக்கொண்டேன். வெடி வரவில்லை. 'ட்டக்' என்று ஒரு மொட்டைச் சத்தம் மட்டும் கேட்டது.

தாத்தா அசையவில்லை. குழல் வானத்தைப் பார்த்தபடியே இருந்தது. எனக்குக் கேட்கும்படி உரக்க, ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார். அறுபது வரை எண்ணினார். அதற்குள் பன்றி அடுத்த பாத்திக்குப் போய்விட்டது. பிறகுதான் நெம்பைத் தள்ளித் தோட்டாவை வெளியே எடுத்தார்.

"ஏன் தாத்தா உடனே எடுக்கல?"

"சில தோட்டா தாமசமா வெடிக்கும்பா. வாயத் தொறக்கிற நேரம் பாத்து வெடிச்சா, மூஞ்சியில வந்து அடிக்கும்."

அரிக்கேன் விளக்கை உயர்த்தி அந்தத் தோட்டாவின் பித்தளை அடியை எனக்குக் காட்டினார். நடுவே கேப்பில் ஒரு புள்ளி விழுந்திருந்தது. நகத்தால் தடவிப் பார்த்தால்தான் பள்ளம் தெரியும், அவ்வளவு மேலோட்டம். முன்பு வெடித்து முடிந்த ஒரு கூட்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். அதில் பள்ளம் ஆழமாக, வட்டமாக, விளிம்பு சுத்தமாக இருந்தது. ஒன்றையும் சொல்லாமல் இரண்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முதல் சந்தேகம் தோட்டாவின்மேல் போயிற்று. அப்போதெல்லாம் புனே பக்கத்து கிர்க்கி தொழிற்சாலைத் தோட்டாக்கள்தான் கிடைக்கும். மேல்கூடு காகிதம். எங்கள் ஊர் மழைக்காலத்தில் காகிதம் ஈரம் குடித்து ஊதிவிடும், குழலுக்குள் போகாது, போனால் வெளியே வராது. ஆனால் இந்தத் தோட்டா வழுக்கிக்கொண்டுதான் உள்ளே போயிற்று. தோட்டா நமத்துப்போயிருந்தால் பள்ளம் ஆழமாக விழுந்தும் வெடிக்காமல் இருக்க வேண்டும். இங்கே ஆழமான பள்ளமே விழவில்லை. எனவே குற்றம் தோட்டாவில் இல்லை, குத்துகிற கையில்தான் என்று தாத்தா முடிவுக்கு வந்தார். ஊசி முனை தேய்ந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்.

அன்று மதியம் வெயில் ஏறியதும் வேறொரு தோட்டாவைப் போட்டு முற்றத்திலிருந்து வெடித்துப் பார்த்தார். மலை அதிர வெடித்தது. மறுநாள் விடியலில் மறுபடியும் 'ட்டக்'. ஒரு நாள் வெடிப்பதும் ஒரு நாள் வெடிக்காததும் தாத்தாவைப் படுத்தியது போல ஒரேயடியாகக் கெட்டுப்போயிருந்தாலும் படுத்தியிருக்காது. சோதித்துச் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. வருஷத்துக்கு இத்தனை தோட்டாதான் என்று லைசன்ஸ் புத்தகத்தில் அளவு எழுதியிருக்கும். ஸ்டேஷனில் யாரோ கைவைத்திருப்பார்கள் என்றார் சித்தப்பா. பார்க்காததைச் சொல்லாதே என்று தாத்தா அவர் வாயை அடைத்துவிட்டார்.

சரி, காட்டுவதென்றால் யாரிடம்? எங்கள் தோட்டத்து மேட்டில் நின்றால் போடி தெரியும். அதைத் தாண்டிப் போனால் மதுரை. ஆனால் தாத்தாவின் லைசன்ஸ் கேரள எல்லைக்குள் மட்டும்தான் செல்லும். போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டித் துப்பாக்கி ஓர் அடி இறங்கினாலும் குற்றம். சொந்தபந்தம், சந்தை, ஆஸ்பத்திரி, ஏலக்காய் வியாபாரம் எல்லாம் கீழே தமிழ்நாட்டில். 1956 நவம்பர் 1இல் மாநில எல்லைகளைத் திருத்தியபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அதே தேதியில் அதுவரை சென்னை மாநிலத்தில் இருந்த பாலக்காடும் கேரளத்துக்குப் போயிற்று. அதனால்தான் பாலக்காட்டுக்குத் துப்பாக்கியோடு போக முடிந்தது. அத்தையைக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கொடுத்திருந்தோம். அங்கே மாமாவின் நிலக்கடலைத் தோட்டத்திலும் பன்றித் தொல்லை. அவர் வீட்டில் வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி ஒன்று, பயிர்ப் பாதுகாப்பு லைசன்ஸில் இருந்தது. அதைப் பார்க்கிற ஆசாரியார் ஒருவர் பாலக்காட்டில் இருந்தார், ரிப்பேருக்கு முறையான லைசன்ஸ் வாங்கியவர்.

கிறிஸ்துமஸ் லீவில் ஜீப்பில் கிளம்பினோம். சித்தப்பா ஓட்டினார். மறையூர், உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் அது சின்னாறு சரணாலயத்தின் ஊடாகப் போய்த் தமிழ்நாட்டில் இறங்குகிற பாதை. சரணாலயத்துக்குள்ளும் துப்பாக்கி கூடாது, எல்லைக்கு அப்பாலும் கூடாது. ஆகவே அடிமாலி, கோதமங்கலம், திருச்சூர் என்று மலையை ஒரு சுற்றுச் சுற்றி நாள் முழுக்கப் போனோம். குழலும் கட்டையும் தனித்தனியாகக் கான்வாஸ் பையில், லைசன்ஸ் புத்தகம் தாத்தாவின் சட்டைப் பையில். திருச்சூரைத் தாண்டிப் பாலக்காட்டை நெருங்கியதும் காற்று மாறிற்று. மலைத்தொடர் அங்கே விட்டுப்போன இடைவெளி வழியாகக் கிழக்குக் காற்று புழுதியோடு உலர்ந்து வீசும். டிசம்பரிலும் வியர்த்தது. நான் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றிச் சீட்டுக்கடியில் வைத்தேன்.

ஆசாரியார் கடை ஒரு சந்துக்குள், தாழ்ந்த ஓட்டுக் கட்டடத்தில் இருந்தது. வாசலில் பெயர்ப்பலகை இல்லை. உள்ளே இரும்புக் கம்பிக் கதவு, அதற்குள் இன்னொரு பூட்டு. துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் அவர் செய்த முதல் வேலை, நெம்பைத் தள்ளிக் குழல் காலியா என்று பார்த்தது. தாத்தா காலி என்று சொன்னதற்குப் பிறகும், தானே கண்ணால் பார்த்ததற்குப் பிறகும், சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவினார். அடுத்து லைசன்ஸைப் பார்த்துத் துப்பாக்கியின் நம்பரோடு ஒத்துப் பார்த்து, பெரிய ரிஜிஸ்டரில் எழுதினார். அதற்குப் பிறகுதான் பேச்சு.

தாத்தா நடந்ததைச் சொன்னார். ஆசாரியார் கழற்றவில்லை. எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது, உள்ளே இருக்கிற ஊசியைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன். அவர் ஒரு காலிக் கூட்டை எடுத்தார். கேப்பு இருந்த குழியில் ஈயத்தை வார்த்து மட்டமாக ராவி வைத்திருந்தார். அதைக் குழலில் போட்டு விசையைத் தொட்டு, வெளியே எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். ஈயத்தில் ஆழமான, நடுவில் சரியாக விழுந்த பள்ளம். இன்னொரு கூடு, மறுபடி அதே பள்ளம். ஊசி முனை தேயவில்லை, ஸ்பிரிங் தளரவில்லை.

"துப்பாக்கியில ஒண்ணுமில்லைங்களே" என்றார்.

தாத்தாவின் முகம் விழுந்துவிட்டது. பொய் சொல்லிக்கொண்டு வந்த மாதிரி அவருக்குக் கூச்சம். "மலையில வெடிக்கலயே ஆசாரியாரே. நானா கற்பனை பண்ணிட்டு வந்தேன்?"

"நீங்க பொய் சொல்லலைங்க, துப்பாக்கியும் பொய் சொல்லலை. எந்நேரத்துல வெடிக்கலைங்க?"

"விடியக்கால."

"மத்தியானம்?"

"வெடிச்சுச்சு."

"உங்க ஊர்ல விடியக்கால குளிர் எப்படிங்க?"

"பனி கொட்டும். தலையில துண்டு இல்லாம நிக்க முடியாது."

"எண்ணெய் என்ன போடுவீங்க?"

"சுத்தமான தேங்காயெண்ணெய். செக்குல ஆட்டுனது. இந்தத் தடவ ஸ்டேஷன்ல துரு ஏறிடக் கூடாதுன்னு உள்ள நல்லா ஊத்தித்தான் குடுத்தேன்."

ஆசாரியார் என்னைக் கூப்பிட்டு ஒரு ரூபாயைக் கொடுத்து, மூலையில் இருக்கிற சர்பத் கடையில் ஐஸ் வாங்கி வரச் சொன்னார். மரத்தூளோடு ஐஸ்கட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். அவர் அதைச் சாக்கில் போட்டு உடைத்து, துப்பாக்கியின் நடுப்பகுதியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, சாக்கை அதன்மேல் கட்டி வைத்துவிட்டு டீ சொன்னார். டீயைக் குடித்து, தாத்தாவிடம் ஏலக்காய் விலை விசாரித்து, மாமாவின் நாட்டுத் துப்பாக்கியைப் பற்றிப் பேசி முடித்த பிறகு சாக்கை அவிழ்த்தார். இரும்பு முழுக்க நீர் முத்து முத்தாக அரும்பியிருந்தது. ஈயக் கூட்டைப் போட்டு விசையைத் தொட்டார்.

'ட்டக்.' நான் திண்ணையிலிருந்து கேட்ட அதே மொட்டைச் சத்தம்.

வெளியே எடுத்த கூட்டை என் கையில் கொடுத்தார். "தடவிப் பாரு தம்பி." ஈயத்தில் ஊசி சும்மா தொட்டுவிட்டுப் போயிருந்தது. தாத்தா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பெரிய மூச்சாக விட்டார். அவர் சிரித்ததை அந்த டிசம்பரில் அப்போதுதான் பார்த்தேன்.

இப்போதுதான் ஆசாரியார் கழற்றினார். பின்பக்கத்து ஆணியைச் சிறு சுத்தியலால் தட்டித் தட்டி வெளியே எடுத்து, கட்டியை உருவி, அதன் மரையைத் திருகி, ஊசியையும் ஸ்பிரிங்கையும் வெள்ளைத் துணியில் வைத்தார். ஸ்பிரிங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் மெழுகுபோல ஒரு பசை, வெடிமருந்துக் கரியோடு கலந்து சாம்பல் நிறத்தில் அப்பியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் இளகித் துணியில் வட்டமாகப் பரவிற்று. தேங்காயெண்ணெய் இருபத்து நாலு டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். பாலக்காட்டு வெயிலில் அது தண்ணீர், எங்கள் மலையின் விடியலில் அது கட்டி. அந்தக் கட்டிக்குள் சிக்கிய ஊசி, ஓட வேண்டிய வேகத்தில் ஓடவில்லை. போய்த்தான் சேர்ந்தது, குத்தத்தான் பலமில்லை. வெயில் ஏறினால் எண்ணெய் இளகும், ஊசி விடுபடும், துப்பாக்கி வெடிக்கும்.

மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் ஊறவைத்து, துளைக்குள் கம்பியில் துணி சுற்றிவிட்டுத் துடைத்து, காயவைத்து, தையல் மெஷின் எண்ணெயில் விரல் நுனியைத் தொட்டு ஊசியின்மேல் ஒரே ஒரு தடவை தடவினார். "இவ்வளவு போதுங்க. துரு பிடிக்கக் கூடாதுன்னா வெளிய பூசுங்க. உள்ள ஓடுற சாமானுக்கு எண்ணெய் கூடுனாலும் கெடுதல்தாங்க." வேறு யாராக இருந்தாலும் ஸ்பிரிங் போய்விட்டது என்று சொல்லிப் புதிதாக ஒன்று மாற்றியிருப்பார்கள். மாற்றுகிற சாக்கில் பசையும் போயிருக்கும், துப்பாக்கியும் வெடித்திருக்கும், தாத்தாவும் காசைக் கொடுத்துவிட்டு வந்திருப்பார். அடுத்த தேர்தலுக்கு மறுபடி தேங்காயெண்ணெய் ஊற்றியிருப்பார். ஆசாரியார் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே கருவியைத் தொட்டார். பின்னாளில் நான் மோட்டார் பழுதுபார்க்கிற வேலைக்கு வந்ததற்கு அந்தச் சந்துக் கடைதான் காரணம். எந்த மெஷின் வந்தாலும், எப்போது ஓடவில்லை, எங்கே ஓடவில்லை, அப்போது வெயிலா மழையா என்று கேட்காமல் நான் ஸ்பானரை எடுப்பதில்லை.

ஊருக்குத் திரும்பியதும் தாத்தா விடியலில் ஒரு வெடி வெடித்தார். பன்றி வந்திருந்ததா என்பது எனக்கு நினைவில்லை. வெடித்தது நினைவிருக்கிறது.

தாத்தா காலமான பிறகு எங்கள் வீட்டில் யாரும் லைசன்ஸுக்கு விண்ணப்பிக்கவில்லை. சித்தப்பா துப்பாக்கியை முறைப்படி ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்து, லைசன்ஸ் உள்ள வியாபாரியிடம் ஒப்படைத்தார். ஆசாரியாரின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அவருடைய பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கு வரவில்லை.

பன்றித் தொல்லை மட்டும் குறையவில்லை. 2022 மே மாதம் கேரள அமைச்சரவை, விளைநிலத்தில் இறங்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் நகரசபைத் தலைவர்களுக்கும் கொடுத்தது. விஷம், வெடிபொருள், மின்சாரம் எதையும் பயன்படுத்தக் கூடாது என்பது அப்போது வைத்த நிபந்தனை. லைசன்ஸ்தாரர்கள் துப்பாக்கியால் மட்டும்தான் சுடலாம் என்பது இன்னொன்று. அவர்களில் பலர் வயதானவர்கள், கையில் இருப்பதும் பழைய துப்பாக்கி. இருட்டில், பயிருக்கு நடுவே, பக்கத்தில் வீடுகள் இருக்கும்போது அவர்கள் விசையைத் தொடுகிறார்கள். விசையைத் தொட்டும் வெடிக்காத துப்பாக்கி, கையில் இருக்கிறவருக்கும் அருகில் நிற்கிறவருக்கும் ஆபத்து.

இடுக்கியிலோ பாலக்காட்டு எல்லையிலோ வீட்டில் லைசன்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உள்ளே தேங்காயெண்ணெய் ஊற்றாதீர்கள். வெடிக்கவில்லை என்றால் குழலை ஆள் இல்லாத பக்கமே வைத்துக்கொண்டு அறுபது வரை எண்ணுங்கள். நீங்களே கழற்றாமல் லைசன்ஸ் உள்ள ரிப்பேர்காரரிடம் கொண்டுபோங்கள். அவரிடம் கோளாறை மட்டும் சொல்லி நிறுத்தாமல், அது வந்த நேரத்தையும் அன்றைய குளிரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.